கரடிமலைத் தொட்டில் பள்ளிக்கூடம்

பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீன் நானாவின் சீலைக்கடையைத் தெரியாதவர் இல்லை. அவருடைய இளைய மகன் ஷுக்ரி வாத்தியாராகப் போகிறான் என்ற செய்தியை நம்பியவரும் இல்லை. தந்தையே நம்பவில்லை.

"மகன், சீல கிழிக்கிற சத்தத்தக் கேட்டு வளந்தவன் நீ. சிலேட்டுல கீறுற சத்தம் ஒனக்குச் சரிவருமா?" என்றார் அவர்.

"சரிவரும் வாப்பா."

"பாப்பம். பயிற்சி முடிய வைக்கிற அந்தத் தோட்டத்துப் பரீட்சையில நீ தேறினா ஒன் இஷ்டம். தேறாட்டி அடுத்த நாள் காலையில கடைக்கு வந்து கத்தரிக்கோலக் கையில எடுக்கோணும். பேச்சு மாறப்படாது."

ஷுக்ரி தலையை ஆட்டினான். உள்ளே அவனுடைய உம்மா ரஹ்மத்தும்மா, மகன் வழியில் தின்பதற்குத் தொதல் துண்டுகளை வாழையிலையில் கட்டிக்கொண்டே, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தனக்கு நஷ்டம் இல்லை என்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேராத காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்து அதிக நாள் ஆகவில்லை. சட்டம் வந்துவிட்டது, வாத்தியார்களுக்கு எங்கே போவது? அதுவரை தோட்டங்களில் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் கங்காணியின் மைத்துனர்கள். அல்லது வேறு எந்த வேலையும் ஒத்துவராமல் மலையேறி வந்தவர்கள். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் பதுளையில் ஓர் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். முன்பு கோப்பிக் கிடங்காக இருந்த கட்டடம் அதற்குக் கிடைத்தது. கோப்பி செத்துத் தேயிலை தழைத்து எத்தனையோ வருடங்கள் ஆகியும், மழை பிடித்தால் அந்தச் சுவர்கள் கோப்பி மணத்தன. பயிற்சி பெற வந்தவர்கள் மணத்தை மட்டும் குடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள்.

வகுப்பை நடத்தியவர் தம்பையா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ, கையில் வளைந்த பிடி போட்ட குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கரும்பலகையில் ஒரு சொல்லைச் சுட்டுவதற்கும், தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவதற்கும் அந்தக் குடைதான். பழைய காலத்து வாத்தியார்கள்போல் பிள்ளைகளைக் கூட்டமாகக் கத்தி ஒப்பிக்கவிடக் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. பொருளைக் கையில் கொடு, ஒவ்வொருவராகக் கேள், பதில் சொல்கிறவன் எழுந்து நின்று சொல்லட்டும், பாடத்துக்கு உரியவரைத் தவிர வேறு யாரும் வகுப்பில் இருக்க வேண்டாம் என்பார்.

பயிற்சியின் கடைசிக் கட்டமாக ஒவ்வொருவரும் ஒரு தோட்டத்துக்குப் போய்த் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தம்பையா மாஸ்டர் மற்ற மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வந்து ஒரு பாடத்தைப் பார்ப்பார். அந்த ஒரு பாடம்தான் பரீட்சை. ஷுக்ரிக்குக் கிடைத்தது லுணுகலைக்கு மேலே இருந்த கரடிமலைத் தோட்டம்.

பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் உர மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையைத் தோட்டத்துத் துரை பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியிருந்தார். விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் நின்றபடி, பெரிய கங்காணி வீரய்யா புது வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"சீலக்கட நானாவோட மகனாமே? நல்லது. இங்கன துணி விப்பீங்களா, பாடம் விப்பீங்களா?"

"பாடம் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறேன்," என்றான் ஷுக்ரி, வகுப்பில் பழகிய மொழியில்.

"சொல்லுங்க, சொல்லுங்க. உர மூட்டையெல்லாம் மழையில நனையாமப் பாத்துக்கிட்டிருந்த எடம். இனிமே என்ன நனையாம இருக்கப்போவுதோ பாப்போம்."

மறுநாள் காலை கொட்டகை நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். ஷுக்ரிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. ஆனால் அநேகமாக ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஒன்று கரித்துண்டைத் தின்றது. ஒன்று சிலேட்டை நனைத்தது. ஒன்று ஷுக்ரியின் தொப்பிக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவனுக்குத் தம்பையா மாஸ்டரின் கட்டளை நினைவுக்கு வந்தது.

"குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்," என்றான் கண்டிப்பாக.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்து போனார்கள். அன்று திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொட்டகைக்கு வந்தது ஓர் ஆடு மட்டும்தான். அதுவும் உரத்தின் உப்பை நக்க வந்தது.

அன்று சாயங்காலம், வேலை விட்ட பிறகு, ஷுக்ரி லயத்துக்குப் போனான். வரிசையாக ஒட்டிக்கிடந்த காம்பராக்களின் முன்னால் அடுப்புப் புகை நின்றது. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்த இராக்கம்மா அவனைப் பார்த்ததும் உரக்கக் கூப்பிட்டாள்.

"வாங்க, வாங்க, சீலக்கட நானா! கட தொறந்த அன்னிக்கே வந்தவுங்கள வெரட்டிட்டீங்களாமே?"

பக்கத்துக் காம்பராப் பெண்கள் சிரித்தார்கள். ஷுக்ரி தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"நான் பிள்ளைகளை விரட்டவில்லை. கைக்குழந்தைகளைத்தான்…"

"அடியே மாரியாயி, இங்கிட்டு வா." ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்து நின்றாள். "பாத்தீங்களா? நான் இருட்டுல மலைக்குப் போயிருவேன். இவ அப்பனுக்குச் செடி வெட்டுற கவ்வாத்து வேல. சின்னவன யாரு பாக்குறது? இவதான். எங்களுக்குக் கணக்குல ரெண்டு புள்ளைங்க வாத்தியாரே, பொழப்புல ஒண்ணுதான். ஒண்ணு நடந்து வரும், ஒண்ணு அதும்மேல குந்திக்கிட்டு வரும். ஒண்ண மட்டும் வாங்கிக்கிறேன்னா எப்பிடி?"

அருகில் இருந்த தோட்டங்கள் சிலவற்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பரா கட்டியிருந்தார்கள். கரடிமலையில் அது இன்னும் வரவில்லை. இங்கே பிள்ளைக் காம்பரா என்றால் மாரியாயியின் இடுப்புதான்.

ஷுக்ரி கோப்பிக் கிடங்கில் எழுதி வைத்த பாடங்களில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"ரெண்டையும் அனுப்புங்க," என்றான். அவனுடைய பேச்சு தானாகவே கடைவீதிப் பேச்சுக்கு இறங்கியிருந்தது. "ஆனா ஒரு ஒதவி வேணும். சின்னதுகளத் தூங்கவைக்கத் தொட்டில் கட்டோணும். கொட்டகையில நல்ல உத்தரம் இரிக்கி."

"தொட்டிலுக்குச் சீல? எங்ககிட்ட இருக்கிறது உடுத்தவே பத்தாது."

"சீல நான் கொண்டாறன்."

"அப்ப நீங்க சீலக்கட நானாதான்," என்றாள் இராக்கம்மா.

சனிக்கிழமை ஷுக்ரி பசறைவரை நடந்து, அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு பதுளைக்குப் போனான். கடையின் மேல் தட்டில் நெடுங்காலமாக ஒரு துணிக்கட்டு கிடந்தது. கொழும்பிலிருந்து தவறி வந்தது. நல்ல தடித்த நூல்தான். ஆனால் வாடாமல்லி நிறத்தில் கைவிரல் அகல மஞ்சள் கோடு. யாரும் தொடவில்லை. வீட்டில் அதை 'அந்தக் கட்டு' என்றே சொல்வார்கள்.

"வாப்பா, அந்தக் கட்டு எனக்கு வேணும்."

ஸஹாப்தீன் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னத்துக்கு? அங்க கட போடப்போறியா?"

"தொட்டில் கட்ட."

"படிக்கப் போன மகன் தொட்டில் கட்டுறானா!" அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரஹ்மத்தும்மா, ஒன் மகன் வாத்தியாரும் இல்ல, யாவாரியும் இல்ல. புள்ள பெத்த வீட்டுக்கு வேலைக்குப் போறான்!" ஆனால் கட்டைத் தானே இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். மூலையில் கிடந்த பழைய மூன்றடி யார்க்கோலையும் எடுத்து நீட்டினார். "இதையும் கொண்டு போ. அளக்காமக் கிழிச்சா சீலைக்கடக்காரன் மகன்னு சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை இராக்கம்மாவும் மற்றப் பெண்களும் கொட்டகையில் கூடித் தொட்டில்களைக் கட்டினார்கள். வாடாமல்லிப் பைகள் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கின. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் மறுபடியும் நிறைந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, தொட்டில் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டார்கள். லயத்தில் அரிசி பொறுக்கும்போது செய்கிற வேலைதான். கால் ஆடியது, தொட்டில் ஆடியது, கைகள் சிலேட்டில் எழுதின. பகல் நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்கும் தாய்மார்கள் ஒரு நடை எட்டிப் பார்த்துப் பால் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு குறை இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தால் குழந்தைகள் விழித்துக்கொண்டன. யாராவது இழுத்து இழுத்து ஒப்பித்தால் தூங்கின. ஒருநாள் யார்க்கோலை வைத்து அளவைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தம்பி சிணுங்கவே, மாரியாயி பாடத்தையே தாலாட்டாக்கிவிட்டாள்.

"பன்னெண்டு அங்குலம் ஓரடியாம், ஆராரோ… மூணடி சேந்தா ஒரு யாராம், ஆரிராரோ…"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைகள் உறங்கின. கூட்டமாக ஒப்பிக்கவிடக் கூடாது என்ற கட்டளை ஷுக்ரியின் நெஞ்சைக் குத்தியது. பரீட்சை நாளில் மட்டும் இது இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, அன்றைக்கு அவனும் கூடப் பாடினான்.

தம்பையா மாஸ்டர் வருகிற செய்தி வந்தது. அதற்கு முதல்நாள் சாயங்காலம் ஷுக்ரி பிள்ளைகளைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக உட்காரவைத்து மரியாதை பழக்கினான். பெரியவர்கள் உள்ளே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில், விறைப்பாக எழுந்து நிற்க வேண்டும். நன்றாகப் பழகும்வரை உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார்கள். கைக்குழந்தைகள் அப்போது வேலை விட்டு வந்த தாய்மாரிடம் இருந்தன.

வீரய்யா வெற்றிலையை மென்றபடி வேடிக்கை பார்த்தார். "என்ன வாத்தியாரே, பட்டாளத்துக்கு ஆள் சேக்குறீங்களா?"

"நாளைக்குப் பாருங்க கங்காணியாரே," என்றான் ஷுக்ரி. கடைசித் தடவை பிள்ளைகள் எழுந்தது அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. தொட்டில்கள் மெல்ல ஆடின. எல்லாக் குழந்தைகளும் உறங்கிவிட்டன. யார்க்கோல் மேசைமேல் இருந்தது. இவ்வளவு அமைதியான வகுப்பைத் தம்பையா மாஸ்டர் எந்தத் தோட்டத்திலும் பார்த்திருக்க மாட்டார் என்று ஷுக்ரி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குடை தெரிந்தது. பின்னால் பயிற்சி மாணவர்கள். அவர்களுக்கும் பின்னால், நடப்பதைப் பார்க்க வந்த வீரய்யா.

மாஸ்டர் உள்ளே காலை வைத்தார்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே மூச்சில், விறைப்பாக. பழக்கியதைவிட அழகாக எழுந்தார்கள். கால் கட்டைவிரல்களில் முடிந்திருந்த கயிறுகள் அத்தனையும் வெடுக்கென்று இழுபட்டன. உத்தரத்தில் இருந்த தொட்டில்கள் அத்தனையும் ஒரே பக்கமாகத் துள்ளின.

ஒரு நொடி சத்தமே இல்லை. குழந்தைகள் மூச்சை இழுத்த நொடி அது. பிறகு கொட்டகையின் தகரம் அதிர்ந்தது.

"உதென்ன? உதென்ன சத்தம்?" தம்பையா மாஸ்டர் மேலே பார்த்தார். அவருக்கு அப்போதுதான் தொட்டில்கள் கண்ணில் பட்டன. "தம்பி, இது பள்ளிக்கூடமோ, ஆசுப்பத்திரியோ?"

ஷுக்ரி பதில் சொன்னான். அது அவன் காதுக்கே கேட்கவில்லை. பயிற்சி மாணவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீரய்யா சிரித்த சிரிப்பில் வெற்றிலை வெளியே வந்துவிட்டது. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வரிசையை விட்டு நிமிர்ந்தார்கள். "ஏ, என்னாடி அங்க?" என்று இராக்கம்மாவின் குரல் செடிகளைத் தாண்டி வந்தது.

ஷுக்ரியின் கண்ணுக்குக் கடை தெரிந்தது. கத்தரிக்கோல் தெரிந்தது. வாப்பா அதை நீட்டுகிற கை தெரிந்தது. மாஸ்டர் திரும்பிப் போய்விடுவாரோ என்று வாசலைப் பார்த்தான். போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். பாடம் எங்கே என்று அந்தக் குடை கேட்டது.

கட்டளைப்படி நடந்தால் இந்த அழுகை ஓயப்போவதில்லை. ஷுக்ரி யார்க்கோலைக் கையில் எடுத்தான். "எல்லாரும் குந்துங்க," என்றான். பிறகு மாரியாயியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

அவள் கால் ஆடத் தொடங்கியது. "பன்னெண்டு அங்குலம் ஓரடியாம், ஆராரோ…"

இரண்டாவது வரிக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. எல்லாக் கால்களும் ஆடின. அழுகை ஒவ்வொரு தொட்டிலாக அணைந்தது. மாஸ்டருக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு தொட்டில் மட்டும் அடங்கவில்லை. அதற்குக் கீழே இருந்த பெண்ணின் கயிறு அறுந்துவிட்டிருந்தது. தம்பையா மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு குடையைத் திருப்பிப் பிடித்து, வளைந்த பிடியைத் தொட்டிலின் விளிம்பில் மாட்டி, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் மெதுவாக ஆட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு மெல்லத் தணிந்து முனகலாக நின்றபோது, அந்த முனகலின் மேலேயே ஷுக்ரி பாடத்தை நடத்தினான். யார்க்கோல் கைமாறியது. ஒருவன் கதவை அளந்தான். ஒருத்தி தன் தொட்டில் சீலையின் விளிம்பை அளந்தாள். கேள்வி தாழ்ந்த குரலில் போனது, பதிலும் தாழ்ந்த குரலில் வந்தது.

"நான் ஒண்டு கேக்கலாமோ?" என்றார் மாஸ்டர், அவரும் தாழ்ந்த குரலில். மாரியாயியைக் குடையால் சுட்டப் போய், குடை தொட்டிலில் மாட்டியிருப்பது நினைவுக்கு வர, விரலால் சுட்டினார். "பிள்ளை, உன்ர தம்பிக்கு ஒரு ஏணை கட்ட மூண்டு யார் சீலை வேணும். இஞ்ச கிடக்கிறது ஏழடி. காணுமோ?"

மாரியாயி எழப்போனாள்.

"இரு, இரு! எழும்பாதை! இருந்து சொல்லு!" மாஸ்டரின் குரலில் உண்மையான பயம் இருந்தது.

அவள் விரல்களை மடக்கினாள். "மூணு யாருன்னா ஒம்போது அடிங்க. ரெண்டடி கொறையுது. ஆனா…"

"ஆனா?"

"தம்பி சின்னவன்தானே. ஏழடியிலயே கட்டிரலாங்க."

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பாடம் முடிந்து பிள்ளைகள் களத்துக்கு ஓடிய பிறகு, ஷுக்ரி கொட்டகைக்கு வெளியே வந்து நின்றான். இராக்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் கூடை முதுகோடு மூச்சிரைக்க இறங்கி வந்துவிட்டிருந்தார்கள். வீரய்யா அவர்களை மலைக்குத் திரும்பச் சொல்ல மறந்துபோய் நின்றார். அவருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

"வகுப்பிலை பாடத்துக்கு உரிய ஆக்கள் மட்டும்தான் இருக்க வேணும் எண்டு சொன்னனான்," என்று தொடங்கினார் மாஸ்டர். "பதில் சொல்லேக்கை எழும்பி நிக்க வேணும் எண்டும் சொன்னனான். கூட்டமா ஒப்பிக்கப்படாது எண்டு நூறு தரம் சொல்லியிருப்பன்."

"ஓம் சேர்," என்றான் ஷுக்ரி. தலை தானாகக் குனிந்தது.

"ஆனா தாலாட்டப்படாது எண்டு நான் சொல்லேல்லை." மாஸ்டர் பின்னால் நின்ற மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சிரிச்சது காணும். உங்களிலை எத்தினை பேரின்ர பள்ளிக்கூடத்திலை இத்தினை பிள்ளையள் இருக்குதுகள்? தம்பையாவின்ர கட்டளையைக் காப்பாத்திப்போட்டு வெறும் கொட்டிலைக் காட்டினனீங்கள். இவன் கட்டளையை உடைச்சுப்போட்டுப் பிள்ளையளைக் காட்டியிருக்கிறான். ஷுக்ரி, நீர் தேறிவிட்டீர். ஒரு குறை. கயித்தைக் காலிலை முடியேக்கை உருவு முடிச்சாப் போடப் பழக்கும். எழும்பினா அவிழ வேணும்."

இராக்கம்மாவுக்கு அந்தப் பேச்சில் பாதி விளங்கவில்லை. "என்னாங்க சொல்றாரு? பாஸா, பெயிலா?"

"பாஸ்தான்," என்றார் வீரய்யா, ஏதோ தாமே எழுதித் தேறியதுபோல. பிறகு கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். "உர மூட்டைக்கு வேற எடம் பாக்கணும்னு தொரைகிட்டச் சொல்லிர்றேன். போங்கடி மலைக்கு! என்ன வேடிக்க?"

"வர்றோம் வாத்தியாரே," என்றாள் இராக்கம்மா போகிற போக்கில். நானா என்று சொல்லவில்லை என்பதை ஷுக்ரி கவனித்தான்.

அதற்குப் பிறகு பதுளையில் பழைய கோப்பிக் கிடங்கைக் கடந்து போனவர்கள் ஒரு புதுக் காட்சியைப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்பின் உத்தரத்தில் தொட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் குழந்தைக்குப் பதிலாக ஒரு தேங்காய். வளர்ந்த ஆண்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, காலால் தேங்காயைத் தாலாட்டிக்கொண்டு, கையால் கணக்குப் போட்டார்கள். தேங்காய் கீழே விழுந்தால் தம்பையா மாஸ்டரின் குடை விழுத்தியவனின் தோளைத் தட்டியது. அங்கிருந்து பெரகல பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனவர்களும் மொனராகலை ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களும் சாக்கட்டியோடு ஒரு சுருள் கயிறும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, தேறிய செய்தியோடு ஷுக்ரி வீட்டுக்கு வந்தபோது கடையில் கூட்டமாக இருந்தது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த பெண்கள் அவன் தந்தையைச் சூழ்ந்து நின்று மஞ்சள் கோடு போட்ட வாடாமல்லிச் சீலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரடிமலையைப் பார்த்து அங்கேயும் தொட்டில் கட்டத் தொடங்கியிருந்தார்கள்; வேறு சீலையில் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கமாட்டேன் என்கின்றனவாம்.

"இல்லங்க, முடிஞ்சிபோச்சி. அந்தக் கட்டு ஒண்டுதான் வந்த," என்று ஸஹாப்தீன் நானா கைவிரித்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் எழுந்தார்.

"வாத்தியாரே, உள்ளுக்கு வாங்க," என்றார். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

வாப்பா அவன் தோளில் கைபோட்டு மேல் தட்டுக்குக் கீழே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மகன், மூக்குப்பொடி நெறத்துல பச்சப் புள்ளி போட்ட கட்டு ஒண்டு இன்னும் கெடக்கு. அதுக்கும் ஒரு பாடம் யோசிச்சுப் பாரேன்."